சிவாஜிநகரில் நிற்காத பஸ்

ஸ்டார்ட்டர் வேலைக்குப் புதிதாகத் தேறி வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு மீட்டர் ஓட்டத்தை மைதானமே பார்க்கும். உங்களை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். சிவப்புக் கோட்டு மாட்டி, சின்ன மேடை மேல் ஏறி, துப்பாக்கியை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றாலும் பார்க்க மாட்டார்கள். ஒருமுறை ஒரு பெரிய போட்டியைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். வேலூரிலிருந்து என் மாமியார் போன் செய்தார்.

"ஓட்டம் நல்லா இருந்துச்சு மாப்ள. நீங்க எங்க இருந்தீங்க?"

"டப்புன்னு ஒரு சத்தம் வந்துச்சே அத்தை, அது நான்தான்."

"அப்படியா. நான் டிவி ரிப்பேர்னு நினைச்சேன்."

பாராட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் இப்போதே நீளம் தாண்டுதல் பக்கம் போய்விடலாம். அங்கே மணலைச் சமன் செய்கிறவருக்காவது யாராவது நன்றி சொல்வார்கள்.

நான் இந்த வேலைக்கு வந்ததற்குத் திறமை காரணம் அல்ல. பள்ளி நாட்களில் நானும் ஓடினேன். மற்றவர்கள் எல்லோரும் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஸ்டார்ட்டரை விட்டுப் போய்விடுவார்கள். நான் மட்டும் அவருக்குக் கொஞ்ச நேரம் துணையாக இருப்பேன். அப்படி ஏற்பட்ட பழக்கம். பகலில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா, விடுமுறை நாட்களில் ஸ்டார்ட்டர். மற்றவர்களை ஓட விட்டுவிட்டு நிற்கிற வேலை எனக்கு இயல்பாகவே வந்தது.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எங்கே நிற்பது, ஹெட்போனில் எந்தச் சத்தம் வந்தால் என்ன அர்த்தம், இதையெல்லாம் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது இமெல்டாவைப் பற்றி.

இமெல்டாவைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நாட்டிலேயே வேகமான பெண்ணாகப் பல வருடம் இருந்தவள். தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியபின் அப்பா பெங்களூருக்கு வந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி ஆனார். அம்மாவுக்கு சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை. வீடு மர்பி டவுனில், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஊருக்குப் போகும்போதெல்லாம் கோலார் ரயிலைத் துரத்தித் துரத்தி ஓடியதில்தான் அவளுக்கு இந்த வேகம் வந்தது என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். அவள் அப்பா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து வருத்தப்பட்டார். "அந்த ரயில எதுக்கு சார் துரத்தணும்? நாம சாப்ட்டு, கை கழுவி, நடந்து போனாலும் அது அங்கயேதான நின்னுக்கிட்டு இருக்கும்."

நான் அவளை முதலில் கவனித்தது ஒரு பள்ளிப் போட்டியில். ஒல்லியான சிறுமி. தன் ஓட்டம் கடைசியில்தான் என்பதால் காலையிலிருந்து தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் நான் தொடங்கி வைப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தது. நான் "ஆன் யுவர் மார்க்ஸ்" சொன்னேன். குழந்தைகள் கோட்டில் குனிந்தார்கள். "செட்" சொன்னேன். இடுப்புகள் உயர்ந்தன. அந்த நொடியில் மதிலுக்கு வெளியே ஓர் ஆட்டோவின் புகைக்குழாய் படாரென்று வெடித்தது. எல்லாக் குழந்தைகளும் ஓடிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற ஆசிரியர் ஒருவரும் கொஞ்ச தூரம் ஓடினார். இமெல்டா மட்டும் அசையவில்லை. குனிந்தபடியே இருந்தாள்.

எனக்கு மெய் சிலிர்த்தது. இந்த வயதில் இப்படி ஒரு மன ஒருமைப்பாடா என்று வியந்தேன். அன்று தொடங்கி, மாநிலம் முழுக்க நான் வகுப்பெடுத்த இடத்திலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சில ஊர்களில் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆட்டோ என்ற இடத்தில் சற்று நிறுத்துவேன். இந்தக் கதையை மறக்காதீர்கள், பிறகு வேண்டியிருக்கும்.

அவள் வளர்ந்தாள். மாநில அளவில் ஜெயித்தாள், சாதனையை உடைத்தாள், பிறகு தன் சாதனையைத் தானே உடைத்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்தது. தேசியப் போட்டி பெங்களூரில் நடந்தபோது தங்கம். இன்னொரு முறை பெங்களூரில் நடந்தது, அப்போதும் தங்கம். இதில் ஒரு வினோதம் இருந்தது. பெங்களூர் மைதானத்தில், நான் துப்பாக்கி பிடித்தால், அவள் காலை ஊன்றும் பிளாக்கிலிருந்து கிளம்புவது கவணிலிருந்து கல் கிளம்புவதுபோல இருக்கும். வேறு ஊரில் ஓடினால் கடைசி ஆளாக எழுந்து, பாதி தூரம் போனபிறகுதான் மற்றவர்களைப் பிடிப்பாள். வெள்ளி வரும், சில நேரம் வெண்கலம் வரும். ஆசிய அளவில் தொடர் ஓட்டத்தில் பதக்கம் வாங்கினாள். அதில் இரண்டாவதாகக் குச்சி வாங்கி ஓடியவள் அவள்தான், அவளளவுக்கு அங்கே யாரும் ஓடவில்லை. இரண்டாவதாக ஓடுகிறவருக்குத் துப்பாக்கி கிடையாது. இந்த விஷயம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு.

எனக்குக் கைராசி என்று தோன்றியது.

நான் அப்படி வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுக்காமல் இருந்தேன். மற்றவர்கள் சொல்ல மறந்தால் ஞாபகப்படுத்தினேன். மர்பி டவுனில் ஒரு புதுக் கறிக்கடை திறந்தபோது, முதல் வெட்டு நான் வெட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வெட்டிக் கொடுத்தேன். கடை அடுத்த வருடம் மூடிவிட்டது, அது வேறு விஷயம்.

இப்படி இருக்கையில், ஒரு குளிர்காலத்து வெள்ளிக்கிழமை மாலை இமெல்டா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. என் மனைவி கஸ்தூரி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் அந்தப் பருவத்தில் எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்கிற வேலை அதுதான். இமெல்டாவும் ஒரு கை அள்ளிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், ஞாயித்துக்கிழம நூறு மீட்டர் ஃபைனலுக்கு நீங்கதான ஸ்டார்ட்டர்?"

"என்னைத்தாம்மா போட்டிருக்காங்க."

"மாத்திடாம பாத்துக்கோங்க அங்கிள். நீங்கதான் இருக்கணும்."

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கைராசிம்மா," என்றேன். "எனக்கு அதுல ஒண்ணும் பெரும கெடையாது."

"கைராசி இல்ல அங்கிள்," என்று இமெல்டா தன் போனை எடுத்து ஒரு பதிவைப் போட்டாள். என் குரல். ஆன் யுவர் மார்க்ஸ். ஒரு நாய் குரைத்தது. செட். பிறகு டப்.

"ஒன்பதாவது படிக்கிறப்ப அம்மா போன்ல எடுத்தது. போன் மாத்துறப்பல்லாம் இதை மட்டும் விடாம மாத்தி வெச்சுக்குவேன். காலையில இதப் போட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பழகுவேன்."

"என் குரல் அவ்ளோ நல்லா இருக்கா?"

"குரல் இல்ல அங்கிள். கேப். செட்டுன்னு சொல்றதுக்கும் சுடுறதுக்கும் நடுவுல நீங்க விடுற கேப். அது மாறினதே இல்ல. வெயிலு, மழ, ஸ்கூல் மீட்டு, நேஷனல்ஸ், எதுலயும் மாறல. நான் உங்க சத்தத்தக் கேட்டு ஓடறதில்ல. இப்ப சுடப்போறீங்கன்னு தெரிஞ்சு ஓடறேன்."

உங்களுக்கு இது புரியும். "செட்" சொன்னபின் ஓடுகிறவர்கள் எல்லோரும் அசையாமல் நிலைத்து நிற்கும்வரை ஸ்டார்ட்டர் காத்திருக்க வேண்டும். அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவாகத்தான் இருக்கும். இருந்தாக வேண்டும். எப்போதும் ஒரே அளவாக இருந்தால், அங்கே நிற்பது ஸ்டார்ட்டர் இல்லை, கடிகாரம்.

"அப்ப அந்த ஆட்டோ?" என்றேன்.

"எந்த ஆட்டோ?"

"சின்னப் பொண்ணா இருக்கறப்ப. ஆட்டோ வெடிச்சு எல்லாரும் ஓடினாங்க. நீ மட்டும் அசையாம இருந்த."

"ஓ, அதுவா. காலையிலேர்ந்து பாத்துட்டே இருந்தேனே அங்கிள். நீங்க சுடுற நேரம் அப்ப வரலையே."

மாநிலம் முழுக்க எனக்காகக் கண் கலங்கியவர்களை நினைத்துக்கொண்டேன்.

"நடுவுல மனசுக்குள்ள என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "எண்ணுவீங்களா?"

ஏதாவது உயர்வாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். கஸ்தூரி பக்கத்தில் இருந்ததால் முடியவில்லை.

"மர்பி டவுன், அல்சூர், சிவாஜிநகர்," என்றேன்.

விளக்க வேண்டியதாயிற்று. நான் புதிதாக வந்தபோது, செட் சொல்லிவிட்டு ஒரு மூச்சு பொறு என்றார்கள். பயத்தில் என் மூச்சு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால் நான் தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மர்பி டவுனில் ஏறுவேன், அல்சூர் வரும், சிவாஜிநகரில் இறங்குவேன். சிவாஜிநகர் வந்ததும் விரல் தானாக அழுத்திவிடும். நன்றாக வேலை செய்தது. வேலை செய்வதை எதற்கு மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன். குமாஸ்தாவின் புத்தி.

இமெல்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

"போன தடவ வெளிநாட்டுல சிவப்பு அட்டை காட்டினாங்களே, ஞாபகம் இருக்கா? அங்க செட்டுன்னான் அந்தாளு. என் கால் கிளம்பிடுச்சு. அவன் சுடவே இல்ல. அவனுக்கு சிவாஜிநகரே இல்ல போல. ஒரே தடவதான், வெளிய போன்னுட்டாங்க. அதுலேர்ந்து வெளியூர்ல நின்னா இன்னும் பயம். சத்தம் வந்து, அது சத்தந்தானான்னு யோசிச்சுட்டு எழுந்திரிக்கிறேன்."

கையில் இருந்த காயை உரிக்காமல் உருட்டினாள்.

"இந்த ஞாயித்துக்கிழமதான் கடைசி அங்கிள். இதுல அவங்க கேக்கிற டைம் வந்தா ஆசியப் போட்டி டீம்ல தனி ஓட்டத்துக்குப் போவேன். இல்லன்னா இல்ல. அடுத்த தடவைக்கு எனக்கு வயசு இல்ல. நான் வேற எதுவும் கேக்கல. எப்பவும் எடுக்கிற பஸ்ஸயே எடுங்க. அவ்ளோதான்."

அவள் போனபிறகு நான் எழுந்தேன்.

"ஒரு தட்டு குடு," என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

பழக்கம்தானே, மாற்றிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன். "செட்" என்றேன். பொறுத்தேன். என் எண்ணத்தில் வெகுநேரம் பொறுத்தேன். தட்டினேன். தட்டுச் சத்தம் வரும் அதே நொடியில் கஸ்தூரி உரித்த பருப்பைப் பாத்திரத்தில் போட்டாள். டிங் என்றது.

மறுபடியும் செட் என்றேன். இந்த முறை சீக்கிரமே தட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். தட்டினேன். டிங். இரண்டு சத்தமும் ஒன்றாக வந்தன.

"என்ன பண்ற நீ?"

"காய் உரிக்கிறேன்."

அடுத்த முறை பருப்பு எனக்கு முன்னாலேயே விழுந்தது. அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீங்க காபி கேக்கறதுக்கு முன்னாடி அடுப்ப பத்த வைக்கிறேன்ல, அது மாதிரிதான்," என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, குழந்தை தூங்குகிறது என்று சொல்லும்வரை தட்டினேன். ஒருமுறைகூட அவளை ஏமாற்ற முடியவில்லை.

எத்தனை வருடம் வேலை செய்தாலும் உங்கள் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று உங்கள் வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவ்வப்போது கேட்டு வையுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கேட்க வேண்டாம்.

சனிக்கிழமை முழுவதும் யோசித்தேன். எப்போதும்போலச் சுட்டால், இமெல்டா பறந்துவிடுவாள். ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வந்து பக்கத்தில் நிற்கிற பெண்களுக்கு அந்த பஸ்ஸின் நேரம் தெரியாது. அவர்கள் நியாயமாகச் சத்தத்துக்குக் காத்திருந்து தோற்பார்கள். சொல்லாமல் மாற்றிச் சுட்டால், என் சிவாஜிநகரை நம்பி இமெல்டா எழுந்துவிடுவாள். ஒரு தவறான தொடக்கம், சிவப்பு அட்டை, அதோடு அவள் ஓட்ட வாழ்க்கை முடிந்தது. முடித்து வைத்தவன் நானாக இருப்பேன், அடுத்த தெருக்காரன். மூன்றாவது வழி, நான் விலகிக்கொள்வது. வேறு ஒருவர் சுட்டால் எல்லோருக்கும் ஒரே நியாயம்.

அதைத்தான் செய்தேன். போட்டி நிர்வாகிக்குப் போன் செய்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வயிற்றுவலி என்றேன்.

"உங்களுக்குமா சார்?" என்றார். "இன்னொரு ஸ்டார்ட்டர் இப்பதான் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகியிருக்காரு. அவருக்கும் வயித்துவலிதான். உங்களுக்கும் அட்மிட் பண்ற மாதிரி வலியா?"

நிஜ வயிற்றுவலிக்காரர் முந்திக்கொண்டார். அவர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "இஞ்சி சாப்ட்டா சரியாயிடும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் லலிதம்மாவைப் பிடித்தேன். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, கன்னடக்காரர், சிவாஜிநகரில் வளர்ந்ததால் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எனக்குப் பின்னால் நின்று, யாராவது முன்கூட்டிக் கிளம்பினால் இரண்டாவது துப்பாக்கியைச் சுட்டு ஓட்டத்தை நிறுத்துகிற வேலை அவருடையது. மூட்டுவலியால் மேடை ஏற மாட்டார், அதனால் இடம் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. ரகசியக் குரலில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஹௌதா?" என்று கண்ணை அகல விரித்தார். கன்னடத்தில் அதற்கு அப்படியா என்று அர்த்தம். அவர் அதைச் சொன்ன விதத்தில் அப்படி ஒன்றும் வியப்பு தெரியவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சார், எங்க ஸ்கூல் புள்ளைங்ககிட்டயே அந்த ரெக்கார்டிங் இருக்கு. வாட்ஸாப்புல சுத்திட்டு இருக்கு. நடுவுல ஒரு நாய் குரைக்குமே, அதுதான?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கைராசின்னு சந்தோஷமா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

இமெல்டா மட்டும் அல்ல, பெங்களூரின் பாதி கிளப்புகளும் என் பஸ்ஸில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. யாரிடமும் டிக்கெட் வாங்காமல் ஓட்டியிருக்கிறேன்.

இறுதி ஓட்டம் மாலையில். எட்டுப் பெண்கள் தங்கள் பிளாக்குகளைச் சரிசெய்துகொண்டு கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். ஐந்து பேர் பெங்களூர், மூன்று பேர் வெளிமாநிலம். அங்கே ஸ்டார்ட்டர் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம், பெரும்பாலும் அமைதியாக இருங்கள் என்பதோடு முடிந்துவிடும். நான் என் சிவப்புக் கோட்டைச் சரி செய்துகொண்டு பேசினேன்.

"எனக்கு ஒரு பழக்கம் உண்டு. செட் சொன்னபின் எப்போதும் ஒரே அளவு நேரம் விட்டுச் சுடுவேன். உங்களில் சிலருக்கு அது தெரியும். இன்று அந்தப் பழக்கம் விடுப்பில் இருக்கிறது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மட்டும் கிளம்புங்கள்."

ஆங்கிலத்தில் சொன்னேன், கன்னடத்தில் சொன்னேன், எனக்குத் தெரிந்த இந்தியிலும் சொன்னேன். இந்தியில் சொன்னபோது வடக்கத்திப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் அது என்ன மொழி என்று கேட்டாள். பெங்களூர்ப் பெண்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தங்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

இமெல்டா நாலாவது லேனில் இருந்தாள். நான் மேடைக்குத் திரும்பும்போது அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னைப் பார்க்காமல், பிளாக்கின் ஆணியை அழுத்திக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நான் கேட்டது இது இல்ல அங்கிள்."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன்?"

"எட்டுப் பேரு நிக்கிறீங்களேம்மா."

அவள் ஆணியை இன்னும் பலமாக அழுத்தினாள். நானும் ஏதோ பெரிய நீதிமான்போல நடந்தேன். மேடைப் படியில் கால் இடறியது.

"ஆன் யுவர் மார்க்ஸ்."

எட்டுப் பேரும் குனிந்தார்கள்.

"செட்."

இப்போது உங்களிடம் உண்மையாகவே ஒன்று சொல்கிறேன். அத்தனை வருடத்தில் செட் சொன்னபின் எட்டு முதுகுகளை நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை. அதுவரை என் கண் அங்கே இருந்திருக்கிறது, நான் பஸ்ஸில் இருந்திருக்கிறேன். ஒரு பெண்ணின் முழங்கை நடுங்குவது தெரிந்தது. இன்னொருத்தியின் கழுத்துச் சங்கிலி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மர்பி டவுன் வந்ததை விரல் உணர்ந்தது. அல்சூர் வந்தது. சிவாஜிநகர் வரும்போது விரல் எழுந்து வாசல் கம்பியைப் பிடித்து நின்றது என்றே சொல்ல வேண்டும். நான் அழுத்தவில்லை.

சரியாக அந்த இடத்தில், சொல்லி வைத்ததுபோல, பெங்களூர்ப் பெண்களின் தோள்கள் குலுங்கின. இமெல்டாவின் வலது தோள் முன்னால் போனது. விரல்கள் தரையை விட்டு எடுபடுகின்றனவா என்று பார்த்தேன். எடுபடவில்லை. நுனியில் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. யாராவது முந்தினால் ஒலிக்கும் ஹெட்போனில் சத்தம் எதுவும் வரவில்லை. ஒருவரும் தவறு செய்யவில்லை. ஆனால் ஒருவரும் நிலையாகவும் இல்லை.

"ஸ்டாண்ட் அப்," என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளை நீங்கள் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. அதற்கு யாருக்கும் தண்டனை கிடையாது. புதிதாக வருகிறவர்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் முறைப்பார்கள், கூட்டம் ஓவென்று கத்தும், நிர்வாகி கைக்கடிகாரத்தைக் காட்டுவார். காட்டட்டும். அவர் கடிகாரத்துக்கும் எட்டுப் பேருக்கும் சம்பந்தம் இல்லை.

இமெல்டா எழுந்து நின்று இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தாள். பின்னால் லலிதம்மா கனைத்தார். எனக்கு மட்டும் அடுத்த முறை குரல் வருமா என்பதே சந்தேகமாக இருந்தது.

வந்தது. கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"செட்."

எட்டு இடுப்புகள் உயர்ந்தன. சங்கிலி ஆடி நின்றது. முழங்கை நடுங்கி நின்றது. நாலாவது லேனில் ஒரு கல் இருந்தது. எட்டும் நின்றுவிட்டன என்று எப்போது தெரிந்ததோ அப்போது சுட்டேன். பஸ் அப்போது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஏறவே இல்லை.

இமெல்டா கடைசியாக எழுந்தாள். கடைசி என்றால் தெளிவாகக் கடைசி. மற்ற ஏழு பேரின் முதுகும் அவளுக்கு முன்னால் இருந்தது. கவணாவது கல்லாவது. என் வயிற்றில் அந்த நிஜ வயிற்றுவலி அப்போதுதான் வந்தது. ஸ்டார்ட்டருக்கு ஓட்டத்தின் பின்பக்கம்தான் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும். எட்டுப் பின்னல்களும் தூரப் போகிற காட்சி. நாலாவது லேன் பின்னல் ஒவ்வொன்றாக மற்றவற்றைத் தாண்டிப் போவது தெரிந்தது. அவள் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பெங்களூரில் அவள் எப்போதும் முதலிலேயே முன்னால் போய்விடுவாள், பிறகு அதைக் காப்பாற்றிக்கொண்டு போவாள். அன்று அவளிடம் காப்பாற்ற ஒன்றும் இல்லை. கோட்டருகில் ஒரு தலை முன்னால் நீண்டது. யாருடையது என்று தெரியவில்லை. பெரிய திரையில் பெயர் வந்தபோது எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. லலிதம்மாதான் படித்துச் சொன்னார். முதலிடம். டைமும் வந்துவிட்டது, மிகச் சிறிய வித்தியாசத்தில்.

பேட்டிகள் எல்லாம் முடிந்து, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் அவள் எங்கள் பக்கம் வந்தாள். நான் சுவாரசியமாக ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப மோசமான ஸ்டார்ட் அங்கிள்," என்றாள்.

"உன்னுதா, என்னுதா?"

"ரெண்டும்தான்."

அதோடு போய்விட்டாள். அடுத்த சில மாதங்கள் மர்பி டவுனில் எதிர்ப்பட்டால் தலையாட்டுவாள், நிற்க மாட்டாள். அவள் அம்மா மட்டும் கஸ்தூரியிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார்: மகள் அந்தப் பழைய பதிவை இப்போது போடுவதில்லை. அதற்குப் பதில் காலையில் அம்மாவை எழுப்பிக் கைதட்டச் சொல்கிறாள். எப்போது தட்டுவது என்று கேட்டால், உனக்குத் தோன்றும்போது என்கிறாளாம். அம்மாவுக்கு அந்த நேரத்தில் தூக்கத்தைத் தவிர எதுவும் தோன்றுவதில்லையாம். சில நாள் செட் சொல்லிவிட்டு அப்படியே கண் அயர்ந்துவிடுகிறாராம். மகள் குனிந்தபடியே காத்திருக்கிறாளாம்.

நான் அந்தப் போட்டியோடு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயது ஒரு காரணம். வாட்ஸாப் இன்னொரு காரணம்.

ஆசியப் போட்டியின் இறுதி ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கஸ்தூரி, நான், வேலூரிலிருந்து வந்திருந்த மாமியார். வெளிநாட்டு ஸ்டார்ட்டர் உயரமான ஆள். செட் என்றார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது லேன் பெண் பாய்ந்துவிட்டாள். திருப்பி அழைத்தார்கள், அவளுக்குச் சிவப்பு அட்டை காட்டினார்கள். பக்கத்து லேன் பாயும்போது தானும் பாய்ந்துவிடுவதுதான் மனித இயல்பு. நாலாவது லேனில் இமெல்டா அப்படியே குனிந்திருந்தாள், அந்தப் பள்ளி மைதானத்தில் இருந்ததுபோல. மறுபடி தொடங்கியபோதும் அந்த ஆள் அதே நிதானத்தில்தான் இருந்தார்.

"இவரு சுடுவாரா, மாட்டாரா?" என்றார் மாமியார்.

சுட்டார். அவள் மற்றவர்களோடு எழுந்தாள். முதலாவதாக அல்ல, கடைசியாகவும் அல்ல. வெண்கலம். தனி ஓட்டத்தில் அவள் நாட்டுக்கு வெளியே வாங்கிய ஒரே பதக்கம் அதுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து என் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் ஒரே கூச்சல். நாய் ஒன்றும் குரைக்கவில்லை.

"அங்கிள், பாத்தீங்களா. பஸ்ஸு சிவாஜிநகர்ல நிக்கவே இல்ல, நேரா கோலாருக்கே போயிடுச்சு. பக்கத்து லேன் பொண்ணு நடுவுல குதிச்சிட்டா. நான் இறங்கல."